ஒரு பரமண்டலம், இரண்டு மரியே

2 ஜூலை 2024, செவ்வாய்

இன்று எண்ணியது நாற்பது. கழுவியது பதினேழு.

அதாவது நாற்பது தடவை ஒரு கை ஒரு நோயாளியைத் தொடப் போனதைப் பார்த்தேன். அதில் பதினேழு தடவைதான் அந்தக் கை முதலில் வாஷ்பேசின் பக்கம் போனது. மிச்சம் இருபத்து மூன்றும் நேராக நோயாளியிடம். ஒரு கை மூக்கைச் சொறிந்துவிட்டுப் போனது. யார் என்று எழுத மாட்டேன். எஸ்றா டாக்டர்.

ஆறு வாரமாக இதுதான் என் உத்தியோகம். பதினாறு வருடம் ஊசி போட்டுக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தவளை ‘தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸ்’ ஆக்கி, கையில் ஒரு அட்டையும் பேனாவும் கொடுத்துவிட்டார் சூப்பரின்டென்டென்ட் தனராஜ் டாக்டர். மறுநாளே பெயர் வைத்துவிட்டார்கள். முகத்துக்கு நேரே ஜெப்ஸி சிஸ்டர். நான் திரும்பியதும் கிருமி சிஸ்டர். அட்டெண்டர் வேல்ராஜ் ஒருபடி மேலே போய், நான் வார்டுக்குள் நுழையும்போதெல்லாம் இருமுகிறான். அதுதான் மற்றவர்களுக்கு சிக்னலாம். அவன் இருமினால் பத்துப் பேர் குழாயைத் திறக்கிறார்கள். இதை நான் ‘முன்னேற்றம்’ என்று எழுதுவதா கூடாதா?

வீட்டிலும் மரியாதை இல்லை. துறைமுகத்தில் கன்டெய்னர் தூசியெல்லாம் தொட்டுவிட்டு வந்த என் வீட்டுக்காரர் பெவினிடம் கை கழுவச் சொன்னால், “ஏளா, நான் ஆபரேஷனா பண்ணப்போறேன்? தோசை திங்கப் போறேன்” என்கிறார். கழுவினார். கட்டைவிரலை விட்டுவிட்டார். திரும்பக் கழுவ வைத்தேன்.

5 ஜூலை, வெள்ளி

கை கழுவ நாற்பது விநாடி வேண்டும் என்று வகுப்பு எடுத்தேன். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கழுவ யாருக்கு வரும்? அதனால் ஒரு யோசனை சொன்னேன்: ‘பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே’ என்ற பரமண்டல ஜெபத்தை நிறுத்தி நிதானமாக ஒரு தடவை மனதுக்குள் சொன்னால் நாற்பது விநாடி. எங்கள் நாசரேத் சபையில் சொல்லும் வேகத்துக்கு ஐம்பதே ஆகும்.

மகப்பேறு வார்டு ஆயா அல்போன்சாக்கா கையைத் தூக்கினாள். ஐம்பத்திரண்டு வயது, திரேஸ்புரம், நான் நர்ஸாக வந்த நாளிலிருந்து அந்த வார்டைக் கூட்டித் துடைப்பவள். “சிஸ்டர், நாங்க ஆர்.சி. ஜெபமாலை சொல்லுத வேகத்துல சொன்னா பாதி கையிலேயே முடிஞ்சுரும். நான் ரெண்டு அருள் நிறைந்த மரியே சொல்லிக்கிடட்டா?”

ரெண்டு போதாது, மூணு என்றேன். மரியே சொல்லாத சி.எஸ்.ஐ. காரியிடம் மரியே கணக்குக் கேட்டது அவள் தப்பு. அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, கண்ணை மூடி, ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக் காட்டினாள். இரண்டுக்கு நாற்பத்தொரு விநாடி. வகுப்பே கை தட்டியது.

வேல்ராஜ் பதினாறாம் வாய்ப்பாடு சொல்கிறானாம். பதினாறு எட்டில் நின்றுவிடுகிறது. அதற்கு மேல் அவனுக்குத் தெரியாது. ஆகவே அவன் கை எப்போதும் இருபது விநாடிக் கைதான்.

9 ஜூலை, செவ்வாய்

ஐம்பத்தெட்டு சதவீதம்! என் அட்டைக்கு முத்தம் கொடுக்கலாம் போலிருந்தது. கொடுக்கவில்லை, அட்டை முழுக்க என்னென்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஒரே சிக்கல், எல்லோரும் கழுவ ஆரம்பித்ததில் சோப்பு தீர்ந்து போகிறது. வாஷ்பேசின் ஒவ்வொன்றிலும் நான்தான் அந்தப் பச்சை சோப்பு பாட்டில்களை வைத்தேன். ஸ்டோரில் மாதம் ஒரு கேன்தான் தருவார்கள், அதற்கு மேல் கேட்டால் ஞானையா அண்ணாச்சி என்னவோ நான் சோப்பைக் குடிப்பது போலப் பார்க்கிறார். பாட்டில் நிரப்புவது ஹவுஸ்கீப்பிங் வேலை என்று விதிமுறைத் தாளில் நானே எழுதியிருக்கிறேன். ஆனால் அவர்கள் ஊற்றினால் தரையெல்லாம் ஊற்றுவார்கள் என்று வார்டு ஸ்டோர் ரூம் சாவியை என்னிடமே வைத்துக்கொண்டு நானே நிரப்புகிறேன்.

இன்று ஒரு வழி கண்டுபிடித்தேன். கண்டுபிடித்தேன் என்ன, எங்கள் வீட்டில் ஷாம்பூ பாட்டிலுக்கு அம்மா செய்வதுதான். அடியில் கொஞ்சம் மிச்சமிருக்கும்போது தண்ணீர் ஊற்றிக் குலுக்கினால் இன்னும் நாலு நாள் ஓடும். நுரை கூட அதிகமாக வருகிறது. மேலே கொஞ்சம் புது சோப்பு ஊற்றிவிட்டால் நிறமும் தெரியாது. பாட்டிலைக் கழுவிக் காயவைத்துத்தான் நிரப்ப வேண்டும் என்பது புத்தகம். புத்தகம் எழுதியவருக்கு ஞானையா அண்ணாச்சியைத் தெரியாது.

10 ஜூலை, புதன்

எஸ்றா டாக்டர் கட்டைவிரலைக் கழுவினார். ஸ்தோத்திரம்.

15 ஜூலை, திங்கள்

ஆறாம் கட்டில் டெல்பின், இருபத்து நாலு வயது, ஆலந்தலைப் பெண். முதல் பிரசவம், சிசேரியன், இன்று ஐந்தாம் நாள். டிரெஸிங்கைப் பிரித்த சிஸ்டர் என்னைக் கூப்பிட்டாள். பஞ்சில் பச்சை.

அந்தப் பச்சையை ஒரு தடவை பார்த்தவர் மறக்க மாட்டார்கள். வாடையும் உண்டு, கொஞ்சம் தித்திப்பாக, பழுத்துப் போன பழம் மாதிரி. சூடோமோனாஸ் என்ற கிருமி. ஈரம் எங்கே இருக்கிறதோ அங்கே குடும்பத்தோடு குடியேறும் ஆசாமி. வாளி, குழாய், துடைப்பம், பூச்சட்டித் தண்ணீர், எதையும் விடாது. ஆரோக்கியமான ஆளை ஒன்றும் செய்யாது. புண் கிடைத்தால் விடாது.

புண்ணைத் துடைத்த ஸ்வாப்பை லேபுக்கு அனுப்பினேன். டெல்பின் காய்ச்சலோடு படுத்திருந்தாள். புருஷன் கப்பலில், எங்கேயோ நடுக்கடலில். பிள்ளையைப் பக்கத்தில் படுக்கவைக்க வேண்டாம், தையல் ஆறட்டும் என்று அவள் அம்மாவிடம் கொடுத்துவிட்டோம். “பாலு குடுக்க மட்டுமாவது தருவியளா சிஸ்டர்?” என்று கேட்டாள். தருவோம், தருவோம் என்று சொல்லிவிட்டு வராந்தாவில் வந்து நின்றேன்.

17 ஜூலை, புதன்

இன்னும் இரண்டு பேர். எட்டாம் கட்டில், பதினொன்றாம் கட்டில். அதே பச்சை.

ஐம்பத்தெட்டு சதவீதம் கழுவுகிறார்கள். பதினேழு கை கழுவிய காலத்தில் ஒன்றும் வரவில்லை! இது என்ன நியாயம்?

18 ஜூலை, வியாழன்

பிடித்துவிட்டேன்.

காலையில் வார்டுக்குப் போனால், அல்போன்சாக்கா டெல்பின் தலைமாட்டில் நின்று ஒரு சின்ன மருந்துக் குப்பியிலிருந்து எண்ணெய் தொட்டு அவள் நெற்றியில் வைக்கிறாள். அடுத்து எட்டாம் கட்டில். அடுத்து பதினொன்று. வரிசையாக!

“இது என்ன அக்கா?”

“அந்தோணியார் கெபியில எரியுத வெளக்குல உள்ள எண்ணெயாக்கும். பிள்ளைய காய்ச்சல்ல கெடக்குல்லா. நெத்தியில தொட்டு வைக்கேன், வயித்துலயா பூசுதேன்?”

“அதுல என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும். அந்தோணியார் இருக்காவ.”

குப்பியைப் பிடுங்கிக்கொண்டேன். பிடுங்கினேன் என்றுதான் எழுத வேண்டும், வாங்கினேன் என்று எழுதினால் பொய். அவள் முகம் சிவந்துவிட்டது. “ஏளா, பதினாறு வருசத்துல ஒரு தடவ என் கையில இருந்து எதயாவது புடுங்கியிருக்கியா நீ?” என்று வார்டே கேட்கச் சத்தம் போட்டாள். சிஸ்டர் போய் ஏளா வந்துவிட்டது. டெல்பின் படுத்துக்கொண்டே, “நான்தான் சிஸ்டர் கேட்டேன்” என்றாள். காதில் வாங்கவில்லை.

எண்ணெயை லேபுக்கு அனுப்பியாயிற்று. யாரோ எவரோ விரல் விட்ட எண்ணெய், தெருவோரச் சின்னக் கோயிலில் திறந்த விளக்கு, ஊர்ப்பட்ட தூசி. எங்கள் கோயிலில் இந்த வேலையெல்லாம் கிடையாது.

19 ஜூலை, வெள்ளி

தொற்றுக் கட்டுப்பாட்டுக் கமிட்டி கூடியது. ‘சந்தேகத்துக்குரிய காரணம்: வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட எண்ணெய்’ என்று எழுதிக் கொடுத்தேன். தனராஜ் டாக்டர் படித்துவிட்டு, “ரிப்போர்ட் வர்றவரைக்கும் அந்தம்மாவ வார்டுக்குள்ள விடாதிய” என்றார். அவ்வளவுதான் நான் எதிர்பார்த்தது.

ஹவுஸ்கீப்பிங் காண்ட்ராக்ட் மேனேஜர் செல்வதுரை ஒருபடி தாண்டினார். வார்டிலிருந்து எடுத்து வண்டி நிறுத்துமிடம் கூட்டப் போடுகிறாராம். ஒன்றாம் தேதியிலிருந்து ஆளே வேண்டாமாம். “நமக்கு எதுக்கு சார் ரிஸ்க்?”

அல்போன்சாக்கா புருஷன் வளன் அண்ணன் முழங்கால் போய்க் கடலுக்குப் போகாமல் நாலு வருடம். அந்த வீட்டில் அவள் ஒருத்தி சம்பளம்தான். எனக்குத் தெரியும்.

தொற்று என்றால் தொற்றுதான். நான் என்ன செய்ய?

22 ஜூலை, திங்கள்

எண்ணெய் ரிப்போர்ட்: ‘வளர்ச்சி எதுவும் இல்லை.’

லேப் டாக்டர் நேசக்குமார் அதைக் கொடுக்கும்போது, “எண்ணெயில தண்ணியே இல்லையே சிஸ்டர், அது எங்க போயிக் குடியிருக்கும்?” என்றார். படித்தவர் பேசுகிற பேச்சா இது? ஒருவேளை குப்பியின் அடியில்? ஒருவேளை அவள் விரலில்? இன்னொரு தடவை போடச் சொல்லிவிட்டு வந்தேன். கமிட்டிக்குச் சொல்ல வேண்டும். கூட்டம் அடுத்த திங்கள்தானே, அன்றைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

24 ஜூலை, புதன்

நாலாவது ஆள். மூன்றாம் கட்டில். எண்ணெயும் இல்லை, அல்போன்சாக்காவும் இல்லை, ஆனால் பச்சை இருக்கிறது.

காலையில் வண்டி நிறுத்துமிடத்தில் பார்த்தேன். வெயிலில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கூட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு, வெளிக் குழாயில் கையை நனைத்து, உதடு அசைய இரண்டு மரியே முழுக்கச் சொல்லிக் கழுவினாள். என் கண்ணைப் பார்த்துக்கொண்டே. அதற்குத் திட்டியே இருக்கலாம்.

25 ஜூலை, வியாழன்

யாரோ சரியாகக் கழுவவில்லை. அதுதான் விஷயம். அதை அவரவர் கண்ணாலேயே பார்க்க வைக்கப் போகிறேன்.

பயிற்சி நடத்தினேன். ஆளுக்கு இரண்டு பிளேட், கிருமி வளர்கிற கூழ் ஊற்றியது. கழுவும் முன் ஐந்து விரலையும் ஒன்றில் பதிக்க வேண்டும், ‘மு’. வார்டு வாஷ்பேசினில் கழுவிய பின் இன்னொன்றில், ‘பி’. ஒரு நாள் கழித்து எடுத்துப் பார்த்தால் ‘மு’வில் கிருமி கோலம் போட்டிருக்கும், ‘பி’ துடைத்து வைத்தது போலிருக்கும். யாருடைய ‘பி’யில் கோலமோ அவரே ஆள். பத்துப் பேர். நானும் ஒருத்தி, எல்லோருக்கும் மாதிரியாக இருக்கட்டும் என்று.

ஹவுஸ்கீப்பிங் எல்லோரும் வர வேண்டும் என்பதால் அல்போன்சாக்காவும் வந்தாள். சோப்பை இரண்டு அமுக்கு அமுக்கி, உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், நகம் என்று நான் சொல்லிக் கொடுத்த வரிசையில் ஒன்று விடாமல் கழுவினாள். அந்தப் பத்துப் பேரில் அவ்வளவு ஒழுங்காகக் கழுவியது அவள் ஒருத்திதான். அட்டையில் எழுதத்தான் செய்தேன்.

26 ஜூலை, வெள்ளி

மாதா கோயில் கொடியேற்றம். பாதி வார்டு லீவு. வேட்டுச் சத்தம் இங்கே வரை கேட்டது.

சாயங்காலம் நேசக்குமார் டாக்டர் கூப்பிட்டார். “சிஸ்டர், லேபுக்கு வாங்க. ஒண்ணும் சொல்ல மாட்டேன், பாருங்க.”

‘மு’ பத்தும் சாதாரணத் தோல் கிருமி, அங்கொன்றும் இங்கொன்றுமாக. ‘பி’ பத்தும் பச்சை. அல்போன்சாக்காவுடைய ‘பி’ இருக்கிற பச்சையிலேயே பச்சை, ஐந்து விரலும் அச்சடித்தது போல. முதலில் அதைத்தான் பார்த்தேன். பார்த்ததும் எனக்கு வந்தது சந்தோஷம்! அதை எழுதத்தான் வேண்டும். பாத்தியா, நான் சொன்னேன்லா, என்று. அப்புறம்தான் மற்றதைப் பார்த்தேன். அப்புறம் என்னுடையதை. அதற்கு அடுத்த பச்சை நான்தான். சுமாரான பச்சை, எஸ்றா டாக்டர். இருக்கிறதிலேயே சுத்தமானது வேல்ராஜ். இருபது விநாடி!

“லேபிள மாத்தி ஒட்டிட்டிய டாக்டர்” என்று சண்டை போட்டேன். லேபிள் ஒட்டியது நான்தான், என் கையெழுத்துதான். அவர், “நல்லாக் கழுவுனவங்க கையிலதான் ஜாஸ்தி. அப்ப எத வச்சுக் கழுவுறாங்க?” என்றார்.

27 ஜூலை, சனி

வார்டில் ஈரமாக இருக்கும் எல்லாவற்றையும் லேபுக்குக் கொடுத்தேன். குழாய்த் தண்ணீர், வாஷ்பேசின், பாட்டில் சோப்பு, ஸ்டோரில் சீல் உடைக்காத கேன் சோப்பு. கொடுக்கும்போதே எனக்குத் தெரியும்.

பச்சை பாட்டில்கள் அத்தனையையும் இன்றே எடுத்துவிட்டேன். ஸ்பிரிட் கலந்த ஹேண்ட் ரப் மட்டும், அதுவும் சீல் வைத்த பாட்டிலில். ‘மறு உத்தரவு வரை’ என்று எழுதி ஒட்டினேன். காரணம் எழுதவில்லை.

28 ஜூலை, ஞாயிறு

கோயிலில் பரமண்டல ஜெபம். பாதியில் நிறுத்திவிட்டேன். சொல்லத் தொடங்கினாலே கையில் நுரை வழிகிற மாதிரி இருக்கிறது.

மத்தியானம் அம்மா வந்தாள். குளித்துவிட்டு வந்து, “ஷாம்பூ முடிஞ்சு போச்சேன்னு தூக்கிப் போட்டுறாத ஏளா, தண்ணி ஊத்திக் குலுக்கி வச்சிருக்கேன்” என்றாள்.

29 ஜூலை, திங்கள்

கேன் சோப்பு சுத்தம். குழாய்த் தண்ணீரில் கொஞ்சமே கொஞ்சம், குடிக்கிறவருக்கு ஒன்றும் செய்யாத அளவு. பாட்டில் சோப்பு, எண்ண முடியாத அளவு. நாலு பேர் புண்ணிலும் இருந்த அதே கிருமி.

நேசக்குமார் டாக்டர் கமிட்டியில் விளக்கினார். சோப்பில் கிருமி வளராமலிருக்க மருந்து இருக்கும். தண்ணீர் ஊற்றினால் அந்த மருந்து நீர்த்துப் போகும். பாட்டிலை ஒருநாளும் காலி பண்ணிக் கழுவாமல் மேலே மேலே ஊற்றினால் உள்ளே இருப்பது சாகாமல் பெருகும். அதில் கையைக் கழுவி, அதே கையால் பஞ்சை எடுத்து, டிரெஸிங் செய்தால்?

“அப்ப பாட்டில் நிரப்புறது யாரு?” என்றார் தனராஜ் டாக்டர்.

விதிமுறைத் தாளை எடுத்தார்கள். நான் எழுதிய தாள். ‘ஹவுஸ்கீப்பிங்’ என்று என் அழகான கையெழுத்தில் இருந்தது.

“மகப்பேறு வார்டுன்னா அல்போன்சாதான் சார். தண்ணி கலந்திருப்பா” என்றார் செல்வதுரை. “எப்படியும் ஒண்ணாந்தேதியோட முடியுது.”

நான் வாயைத் திறந்தேன். முன்னால் இருந்த தண்ணீரைக் குடித்தேன். மூடிக்கொண்டேன்.

எண்ணெய் சுத்தம் என்ற ரிப்போர்ட்டும் என் கோப்பிலேயேதான் இருக்கிறது. அதையும் சொல்லவில்லை.

30 ஜூலை, செவ்வாய்

எதுக்குச் சொல்லணும்? நாலு பேரும் தேறிட்டுத்தான் வாராங்க. பாட்டிலையும் எடுத்தாச்சு. இனிமே நடக்காது. சொன்னா என் வேலை போகும். பேர் போகும், பதினாறு வருசம் போகும். கிருமி சிஸ்டர்னு விளையாட்டுக்குச் சொன்னது நிஜம்னு ஆயிரும். நாசரேத்துல அம்மா காதுக்குப் போகும்.

அல்போன்சாக்கா வேலை போகும். சும்மா போகும்.

இன்று கைகளை எண்ணவில்லை.

31 ஜூலை, புதன்

சம்பவ அறிக்கைப் படிவம் என்று ஒன்று இருக்கிறது. மற்றவர்களை நிரப்ப வைப்பதற்காக நானே அடித்து வைத்த படிவம். ‘என்ன நடந்தது’, ‘எங்கே’, ‘யாரால்’. காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தேன். ‘என்ன நடந்தது’ ஐந்து நிமிடத்தில் எழுதிவிட்டேன். ‘யாரால்’ என்ற கட்டத்துக்கு மூன்று டீ.

கடைசியில் முழுப் பெயரையும் எழுதினேன். இனிஷியலோடு.

தனராஜ் டாக்டர் படித்தார். மறுபடி படித்தார். “ஹேண்ட் வாஷ் ட்ரெய்னிங் குடுத்ததும் நீதான?” என்றார். ஆமா டாக்டர். “நீ கழுவச் சொல்லித்தான எல்லாரும் கழுவுனாவ?” ஆமா டாக்டர். அதற்குப் பிறகு அவர் போட்ட சத்தத்தை எழுத இந்த நோட்டில் இடமில்லை. கண்ணீர் வந்தது. துடைக்கவில்லை, கண்ணைத் தொடக்கூடாது என்று வகுப்பு எடுத்தவள்.

முடித்துவிட்டு, என் எதிரிலேயே செல்வதுரைக்குப் போன் போட்டார். “அந்தம்மாவ மறுபடி வார்டுக்கு அனுப்பும். ஆமா வோய், எங்க தப்பு.” எனக்கு மெமோ. பதினைந்து நாளுக்குள் பதில்.

சாயங்காலம் பெவின் வண்டியில் திரேஸ்புரம் போனோம். அல்போன்சாக்கா குசினி வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். வளன் அண்ணன் நாற்காலி போட்டார். உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்: எண்ணெய் சுத்தம், சோப்பில் தண்ணீர் ஊற்றியது நான், கமிட்டியில் வாயை மூடிக்கொண்டிருந்ததும் நான்.

மீனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “தண்ணி ஊத்துனத நான் பாத்தேனே.”

“பாத்தீங்களா!”

“ஸ்டோர் ரூம் வாசல்ல நின்னு பாத்தேன். குலுக்குனிய.”

“அப்ப ஏன்க்கா சொல்லல? அன்னைக்கே சொல்லியிருந்தா…”

“யார்ட்ட சொல்ல? நீங்க படிச்சவிய. ஏதோ மருந்து கலக்குதியன்னு நெனச்சேன். எண்ணெய்க் குப்பியப் புடுங்குன அன்னைக்கு நான் சொன்னா கேட்டிருப்பியளா?”

கேட்டிருக்க மாட்டேன். பெவின் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“மன்னிச்சுக்கோங்கக்கா” என்றேன். அவள் மீன் கையோடு உள்ளே போய், கழுவிவிட்டு வந்து, காப்பி கொடுத்தாள். கழுவ எவ்வளவு நேரம் எடுத்தாள் என்று எண்ணினேன். பழக்கம் விடவில்லை.

1 ஆகஸ்ட், வியாழன்

டெல்பினிடம் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியாது, புண் அவளுடையது. “உன் தையல்ல சீழ் வெச்சது என்னால” என்றேன்.

கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். “பிள்ளைக்கு ஒண்ணும் ஆவலல்லா?”

“இல்ல.”

“பதினேழு நாளு சிஸ்டர்” என்றாள். “பதினேழு நாளு அவளப் பக்கத்துல போட்டுப் படுக்கல.” திட்டவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு அது போதும், அதுவே அதிகம்.

2 ஆகஸ்ட், வெள்ளி

அல்போன்சாக்கா வார்டுக்கு வந்துவிட்டாள். வந்ததும் என்னிடம் கேட்ட முதல் விஷயம்: “அந்த எண்ணெய் ரிப்போர்ட்ட ஒரு காப்பி தருவியளா?”

எதற்கு என்றேன். வீட்டில் அந்தோணியார் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டப் போகிறாளாம். ‘வளர்ச்சி எதுவும் இல்லை’, கீழே நேசக்குமார் டாக்டர் கையெழுத்து, லேப் சீல். திரேஸ்புரத்தில் வேறு எந்த எண்ணெய்க்கும் இந்தச் சான்றிதழ் கிடையாது.

ஒப்பந்தம் போட்டோம். எண்ணெய் நெற்றிக்கு மட்டும். கேட்கிறவர்களுக்கு மட்டும். ஒவ்வொரு நெற்றிக்கும் நடுவில் கை சுத்தம். அவள் ஒப்புக்கொண்டாள். என் பக்கத்துக்கு ஒரு ஷரத்து போட்டாள்: “எதையும் புடுங்கப்பிடாது. கேட்டு வாங்கணும்.”

5 ஆகஸ்ட், திங்கள்

மாதா திருநாள். ஊர் முழுக்க லீவு. எனக்கு டியூட்டி. நல்லது.

9 ஆகஸ்ட், வெள்ளி

மெமோவுக்குப் பதில் கொடுத்தேன். நேசக்குமார் டாக்டர் கூடவே ஒரு காகிதம் வைத்தார்: சோப்பு இனி சீல் வைத்த பையில் வரும், தீர்ந்தால் பையோடு மாற்றுவது, நிரப்புவதே கிடையாது. ஞானையா அண்ணாச்சி, “மொதல்லயே கேட்டிருக்கலாம்லா” என்கிறார். பதில் சொன்னால் இன்னொரு மெமோ.

உத்தியோகம் போகவில்லை. ஆனால் பாதி. மத்தியானம் வரை பழையபடி டிரெஸிங் ரூம், அதற்குப் பிறகு அட்டையும் பேனாவும். எண்ணுகிறவளை யார் எண்ணுவது என்று கமிட்டியில் ஒரு கேள்வி வந்தது. வார்டிலிருந்து ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். நான் ஒரு பெயர் சொன்னேன்.

செல்வதுரை சிரித்தார். மற்ற யாரும் சிரிக்கவில்லை.

13 ஆகஸ்ட், செவ்வாய்

டெல்பின் நேற்று ஆலந்தலைக்குப் போய்விட்டாள். தையல் சேர்ந்துவிட்டது. போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

வீட்டில் ஷாம்பூ தீர்ந்தது. பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். குப்பையில் போட்டேன். பெவின் எடுத்துப் பார்த்துவிட்டு, “இதுல இன்னும் நாலு குளி இருக்கே ஏளா” என்றார். நான் பார்த்த பார்வையில் திரும்பப் போட்டுவிட்டார்.

27 ஆகஸ்ட், செவ்வாய்

அல்போன்சாக்கா கறாரான ஆள். டாக்டர், நர்ஸ் என்று பார்ப்பதில்லை. அட்டையில் கையெழுத்து குண்டு குண்டாக இருக்கிறது, பொய் இல்லை. எஸ்றா டாக்டர் நாற்பதுக்கு முப்பத்தொன்று. வேல்ராஜ் பதினாறு பதினைந்து வரை வந்துவிட்டான், இனி இருமவும் நேரமில்லை. இப்போதெல்லாம் நான் வாஷ்பேசின் முன்னால் நின்றாலே முதுகில் அவள் கண் தெரியும். பரமண்டலம் ஏனோ ஓட மாட்டேன் என்கிறது. இரண்டு மரியேதான் சொல்கிறேன். நாசரேத்தில் யாருக்கும் தெரிய வேண்டாம்.

இன்று காலை டெல்பின் பரிசோதனைக்கு வந்தாள். தையல் வெள்ளைக் கோடாக ஆறியிருக்கிறது. நேரே என் மேசைக்கு வந்து, பிள்ளையை என் முன்னால் நீட்டினாள். “சும்மா பாத்துக்கிட்டு நிக்கியளே. வாங்குங்க சிஸ்டர்.”

வாங்கினேன். கனமாக இருந்தாள். பால் வாசனை. எவ்வளவு நேரம் வைத்திருந்தேன் என்று தெரியவில்லை.

சாயங்காலம் அட்டை வந்தது. ‘ஜெப்ஸி சிஸ்டர், பத்துக்கு ஒன்பது.’

“ஒண்ணு எங்கக்கா விட்டேன்?”

அவள் துடைப்பத்தை நிறுத்தாமலே சொன்னாள். “பிள்ளையத் தூக்குததுக்கு முன்னால.”

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.